கன்றைப் பெற்றவர் செய்யும் தானம்

(அட்சய திருதியை விழாவில் ஆற்றிய உரை)



இன்று அறக்கட்டளையார் குடும்பத்திற்கு ஒன்றாகப் பாலை மரக்கன்று வழங்குகின்றனர். நான் கோடியக்கரையில் வாழ்பவன், அம்மரத்தோடு பழகியவன். ஆதலால் அதைப்பற்றிப் பேசுமாறு பணித்தனர்.

அட்சய திருதியை தானத் திருநாள். ஆதிபகவன் துறவு பூண்டு உணவேற்கச் சென்றபோது, முனிவர்க்கு எதனை எவ்வாறு அளிப்பதென உலகம் அறிந்திருக்கவில்லை. பொன்னையும் மணியையும் யானையையும் கொண்டுவந்து நிறுத்தினர். அன்போடு கொண்டுவந்தவைதாம், ஆயினும் அவர்க்கு ஆகாதவை. ஏறத்தாழ ஓராண்டு கழிந்த பின்னரே அத்தினாபுரத்தில் சிரேயாம்சன் கரும்புச் சாற்றை முறைப்படி அளித்தான். கொடுக்கத் தெரியாமை அன்று இருந்தது. பெறத் தெரியாமை என்று ஒன்றும் உண்டு. அக்குற்றம் என்னுடையது, அதனைச் சொல்லவே இங்கு நிற்கிறேன்.

முதலில் மரத்தை அறிமுகம் செய்துவிடுகிறேன். பாலை என்றதும் நம்மில் பலர்க்கு அசிதநாத தீர்த்தங்கரர்க்கு உரிய ஏழிலைப்பாலை நினைவுக்கு வரும். இது அதுவன்று. ஏழிலைப்பாலை, வெட்பாலை, குடசப்பாலை, உலக்கைப்பாலை எனப் பாலைகள் பல. கீறினால் பால் வடியும் என்பதுதான் அவற்றுக்குள் உறவு. கோடியக்கரைப் பாலை இந்த உலக்கைப்பாலை. சப்போட்டாவின் குடும்பத்தது, சப்போட்டாவை ஒட்டுக்கட்ட வேர்க்கன்றாகப் பயன்படுவதும் இதுவே. வைரம் பாய்ந்த கட்டை; உலக்கைக்கும் செக்குக்கும் ஆனது. பழம் வேப்பம்பழ அளவில் மஞ்சளாக இருக்கும். தின்றால் இனிக்கும், உதட்டில் பிசினாய் ஒட்டும். பால்மரத்தின் பழத்தை நாம் உண்ணலாமோ என ஓர் அம்மையார் சற்றுமுன் கேட்டார். நமக்கு விலக்கப்பட்டவை ஆல், அரசு, அத்தி முதலிய ஐந்து. உள்ளே சிற்றுயிர்கள் குடியிருப்பதால் அவை விலக்கப்பட்டன. பாலை அவ்வினத்தது அன்று.

1967ஆம் ஆண்டு வெளிமான்களுக்காகச் சரணாலயமாக்கப்பட்ட கோடியக்கரைக் காட்டினைத் தாவர நூலார் உலர் பசுமைமாறாக் காடு என்பர். மழையின் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் பெய்து தீர்ந்துவிடும். தை கழிந்தால் பல மாதம் வெயிலும் உப்புக்காற்றும்தான். நிலமோ மணல். அங்கே இம்மரம் ஆண்டு முழுதும் பச்சையாக நிற்கிறது. இலையே உதிர்ப்பதில்லை என்பதன்று, ஒருசேர உதிர்ப்பதில்லை. தடித்த, மெழுகிட்டாற்போன்ற இலைகள் உள்ள நீரைக் காத்துக்கொள்கின்றன. விரைவாக வளர்வதன் மூலமன்று, மெல்ல வளர்வதன் மூலமே இது பிழைக்கிறது.

நான் ஓய்வு பெற்ற நாளில், பழைய மாணவர் ஒருவர் தம் கொல்லையில் விதையிட்டு வளர்த்த பாலைக்கன்று ஒன்றைக் கொணர்ந்து தந்தார். சால்வைகளுக்கிடையே அஃதொன்றே உயிருள்ள பரிசு. சித்திரை மாதம். கொடுத்த கையின் ஈரம் உலருமுன் நட்டுவிட வேண்டும் என்ற ஆர்வத்தில் மறுநாளே குழி வெட்டினேன். மக்காத சாணத்தைக் குழி நிறைய இட்டேன். காலை மாலை இருவேளையும் நீர் ஊற்றினேன். அன்பு மிகுதிதான், அறிவுதான் இல்லை.

சாணத்தை நாடிக் கரையான் வந்தது. தூர்வரை மண்பூச்சு ஏறியது. கடையில் ஒரு பொடி தந்தனர். தூவினால் ஒன்றும் மிஞ்சாது என்றனர். பொட்டலம் மூன்று நாள் திண்ணையில் கிடந்தது. தொல்காப்பிய மரபியலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தியவன் நான். மரம் ஓரறிவுயிர், சிதலும் எறும்பும் மூவறிவுயிர். ஓரறிவுடையதைக் காக்க மூவறிவுடையவற்றை ஆயிரக்கணக்கில் கொல்வதா? உழுதல், சமைத்தல் போன்ற இல்லறத் தொழிலில் நேரும் ஆரம்ப இம்சையை இல்லறத்தாரால் முற்றும் தவிர்க்க இயலாது. ஆனால் கொல்வதற்கென்றே தூவும் பொடி சங்கல்ப இம்சை. தூவவில்லை. கன்று பட்டுப்போயிற்று.

கொல்லாமல் இருந்துவிட்டேன் என நெடுநாள் ஆறுதல் கொண்டிருந்தேன். பின்னர்தான் உறைத்தது: கரையானை அழைத்தவனே நான்தானே! மக்காத சாணமும், வெயிற்காலத்தில் நட்டு வேரை வாட்டியதும், வாடிய வேரை நீரில் ஊறவைத்ததும் என் செயல்கள். கரையான் பெரும்பாலும் பட்டதையும் வாடியதையும் நாடுவது. இக்கட்டு மூன்றாம் மாதத்தில் தோன்றியதன்று. குழி வெட்டிய அன்றே தோன்றியது. நம் அறத்தில் முன்னெச்சரிக்கைக்கு எவ்வளவு இடமுண்டு! வடிகட்டிய நீர், பார்த்து வைக்கும் அடி, இரவுண்ணாமை. இவற்றையெல்லாம் நாள்தோறும் கடைப்பிடிக்கும் நான் கொல்லையில் அதனை மறந்தேன்.

அம்மாணவரிடம் உண்மையைச் சொன்னேன். மறுமொழி ஏதும் சொல்லாமல் அவர் இன்னொரு கன்று தந்தார். அதனை ஐப்பசி வரை பையிலேயே வேப்பமர நிழலில் வைத்திருந்தேன். 2014 ஐப்பசியில் மண் நனைந்தபின் நட்டேன். நன்கு மக்கிய எருவை மணலோடு கலந்து கொஞ்சமே இட்டேன். சருகு மூடாக்கைத் தண்டிலிருந்து ஒரு சாண் விலக்கிப் பரப்பினேன். ஆட்டுக்காகச் சுற்றிலும் பனைமட்டை வேலி. தையில் மழை நின்றதும், அடியில் துளையிட்டுத் திரி செருகிய மண்பானையைப் பக்கத்தில் புதைத்து, நான்கு நாளுக்கொருமுறை நிரப்பினேன். முதலாண்டில் அது நான்கு விரற்கடை வளர்ந்தது. பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண்ணை நோக்கியே பழகிய கண்ணுக்கு அது போதாதுதான்.

2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் கஜா புயல் எங்கள் கரையைக் கடந்தது. வேதாரண்யம் வட்டாரத்தில் தென்னைகள் சாய்ந்ததை நீங்கள் அறிவீர்கள். என் கன்று முழங்கால் உயரத்தில் முறிந்து கிடந்தது. பிடுங்கிவிடலாம் என்றார் வீட்டில் வேலைக்கு வந்தவர். விட்டுவைத்தேன். தை மாதத்தில் முறிவின் கீழே இரண்டு தளிர்கள் வந்தன. காட்டிலும் இலையிழந்து நின்ற பாலைகளிடையே அவ்வாறு தளிர்த்தவற்றைக் கண்டேன். இன்று அது என் தோள் உயரம். இன்னும் பூக்கவில்லை.

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நான்கு. மற்றக் கொடைகளில் கொடுப்பவரே தானம் செய்பவர். கன்றுக்கொடையில் அறக்கட்டளையார் செய்வது பாதிதான். அபய தானம் செய்யவேண்டியவர் அதனைப் பெறுபவர். நம்மில் பலர் குடியிருப்பது மாடி வீடுகளில். இடமில்லாதவர்கள் இன்று கன்றினை வாங்காதிருக்கலாம், அதில் குறைவில்லை. ஊரில் உள்ள ஜினாலயத்து நந்தவனத்திற்கு அதைக் கொடுத்தால், நீர் ஊற்றுவது யார் என்பதையும் அன்றே பேசி முடித்துவிடுங்கள்.

பெறுவோர் இன்று வீடு சென்றதும் நடவேண்டா. இது கோடைகாலம். பையோடு நிழலில் வையுங்கள். மண் மேலாக உலர்ந்தால் மட்டும் ஒரு குவளை நீர். ஐப்பசியில் இரண்டு நல்ல மழை பெய்த பின் நடலாம். நடும்போது பையை உருவாதீர்கள், மண்கட்டி உடைந்துவிடும். பக்கவாட்டில் கீறி எடுத்துவிட்டு, அடியில் சுருண்ட வேர் இருந்தால் விரலால் மெல்ல விரித்துவிடுங்கள். பையின் அடியில் எறும்பு கூடியிருந்தால் ஒருநாள் முன்னதாகவே நிழலில் வேறிடம் மாற்றி வையுங்கள். அவை தாமே அகன்றுவிடும்.