18 குழியும் ஒரு டீக்கடை பெஞ்சும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கோல்ஃப் மைதானமும் வியாபார உறவும்" என்று தலைப்பைக் கொடுத்து, சங்கச் செயலாளர் என்னை மேடையில் ஏற்றிவிட்டார். அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "ஏனப்பா, பனியன் ஊர்ல இதையெல்லாம் யாரு கேப்பாங்க?" என்றார். நியாயமான கேள்விதான். நம்மில் பலர் கில்லியும் கபடியும் ஆடி வளர்ந்தவர்கள். கோல்ஃப் குச்சியைச் சினிமாவில்தான் பார்த்திருப்போம். ஆனாலும் இங்கே படிக்கிற பிள்ளைகளில் பாதிப்பேராவது எக்ஸ்போர்ட் கம்பெனியிலோ, பையிங் ஆபீஸிலோ வேலைக்குப் போகப்போகிறீர்கள். என்றைக்காவது ஒரு பையர், "நீங்கள் கோல்ஃப் ஆடுவீர்களா?" என்று கேட்கத்தான் போகிறார். அப்போது அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. மைதானத்தில் 18 குழிகள். ஆங்கிலத்தில் ஹோல் என்பார்கள். ஒவ்வொரு குழியிலும் பந்தை விழவைக்க எத்தனை அடி அடித்தோம் என்பதுதான் கணக்கு. குறைவாக அடித்தவருக்கு வெற்றி. வழக்கமாக நான்கு பேர் வரை சேர்ந்து போவார்கள். முடிக்க நான்கு மணி நேரம் ஆகும். அதில் பந்தை அடிக்கிற நேரம் சில நிமிஷம்தான். மீதி எல்லாம் நடையும் பேச்சும். ஆபீஸில் ஒரு பையர் நமக்கு ஒதுக்குவது இருபது நிமிஷம்; அதிலும் பத்து நிமிஷம் செல்போனில் போய்விடும். மைதானத்தில் அதே மனிதர் நம் பக்கத்திலேயே, நாம் பார்க்கும் திசையையே பார்த்துக்கொண்டு நடக்கிறார். நடுவில் மேஜை இல்லை. வியாபாரிகளுக்கு இந்த ஆட்டத்தின் மேல் ஆசை வந்ததற்கு இதுதான் காரணம்.

நம் நாட்டுக்கு இது புதிதும் இல்லை. கல்கத்தாவில் 1829லேயே கோல்ஃப் கிளப் வந்துவிட்டது. பெங்களூரில் 1876, கொடைக்கானலில் 1895. வெள்ளைக்கார அதிகாரியும் கம்பெனித் துரையும் ஆடிய ஆட்டம். அவர்கள் போனபிறகு மைதானம் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. நம்ம பக்கத்து ஆட்கள் ஆடவேண்டுமென்றால் கோவைக்குப் போய், செட்டிபாளையத்தில் இருக்கும் கோயம்புத்தூர் கோல்ஃப் கிளப்பில் ஆடுகிறார்கள். 18 குழி உள்ள முழு மைதானம் அது.

இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, ஹேண்டிகேப் என்கிற கணக்கு. கற்றுக்குட்டியும் கைதேர்ந்தவரும் சேர்ந்து ஆட வழி செய்வது அது. என் ஹேண்டிகேப் 20, உங்களுடையது 5 என்று வையுங்கள். நான் 92 அடியில் முடிக்கிறேன், நீங்கள் 78ல் முடிக்கிறீர்கள். கழித்துப் பார்த்தால் எனக்கு 72, உங்களுக்கு 73. நான் ஜெயித்துவிட்டேன்! பெரிய கம்பெனி முதலாளியும் நேற்று யூனிட் ஆரம்பித்தவரும் ஒரே ஆட்டத்தில் மரியாதையாக நிற்க முடிகிறது.

இரண்டாவது, நாட்டாமை கிடையாது. கிரிக்கெட்டில் அம்பயர் கூடவே நிற்கிறார். இங்கே பெரும்பாலும் அவரவர் அடியை அவரவரே எண்ணிச் சொல்லவேண்டும். 1925ல் அமெரிக்க ஓப்பன் போட்டியில் பாபி ஜோன்ஸ் என்ற பெரிய ஆட்டக்காரர், அடிக்கத் தயாராகும்போது பந்து லேசாக அசைந்துவிட்டது. வேறு யாரும் பார்க்கவில்லை. "என் கணக்கில் ஒரு அடி சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று அவரே பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். கடைசியில் இரண்டு பேர் சமநிலையில் நின்று, மறு ஆட்டத்தில் பட்டம் அவர் கையை விட்டுப் போனது. அந்த ஒரு அடியை மறைத்திருந்தால் மறு ஆட்டமே வந்திருக்காது.

நான் முதன்முதலில் மைதானத்துக்குப் போனது, ஒரு ஏஜென்ட் அழைத்து, வேடிக்கை பார்க்கத்தான். ஒரு வெளிநாட்டுப் பையரோடு நம்ம ஊர்ப் பெரியவர் ஒருவர் ஆடிக்கொண்டிருந்தார். அவர் பந்து புதருக்குள் போய்விட்டது. தேடி எடுத்து வெளியே அடித்தார். குழி முடிந்ததும் "ஏழு" என்றார். பையர் "ஆறுதானே?" என்று கேட்டார். "இல்லீங்க, புதருக்குள்ள ஒண்ணு அடிச்சேன், நகரலை" என்றார் பெரியவர். அதோடு பேச்சு முடிந்தது. சில மாதம் கழித்து அவருடைய ஒரு ஷிப்மென்டில் அளவுக் குறை என்று பிரச்சினை வந்தது. "எத்தனை பீஸ் தவறு என்று நீங்களே எண்ணிச் சொல்லுங்கள், அதற்கு மட்டும் கழித்துக்கொள்கிறேன்" என்று அந்தப் பையர் எழுதினார். மூன்றாம் ஆள் இன்ஸ்பெக்ஷன் கூடக் கேட்கவில்லை. தம்பிகளே, கோல்ஃபில் நடக்கும் வியாபாரம் என்பது இதுதான். ஆர்டர் அங்கே கையெழுத்தாவதில்லை. ஆள் எப்படி என்பது அங்கே தெரிந்துபோகிறது.

ஆகவே போகிறவர்களுக்குச் சில யோசனைகள். முதல் சில குழிகளில் வியாபாரம் பேசாதீர்கள். பையரே ஆரம்பித்தால் பேசலாம். அவரைச் சந்தோஷப்படுத்த வேண்டுமென்று வேண்டுமென்றே தோற்காதீர்கள். ஆட்டம் தெரிந்தவருக்கு அது உடனே புரிந்துவிடும், பிறகு நம் விலைப்பட்டியலையும் நம்பமாட்டார். பையைத் தூக்கி வருகிற கேடியிடம் எப்படிப் பேசுகிறோம் என்பதைக் கூட வருபவர் கவனிக்கிறார். நம் தொழிலாளியை எப்படி நடத்துவோம் என்பதற்கு அவருக்கு அதுவே சாம்பிள் பீஸ். செலவு யாருடையது என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பல வெளிநாட்டுக் கம்பெனிகள், சப்ளையரிடம் விருந்தும் பரிசும் வாங்கக்கூடாது என்று தங்கள் ஊழியர்களுக்கு விதி வைத்திருக்கின்றன. தென்கொரியாவில் 2016ல் வந்த லஞ்ச ஒழிப்புச் சட்டத்துக்குப் பின், அதிகாரிகளுக்கு இலவச கோல்ஃப் விருந்து வைப்பதே குற்றமாகிவிட்டது. நட்பு வேறு, கையூட்டு வேறு.

இன்னொன்று. அந்த மைதானத்தில் நமக்கு ஒரு பாடப்புத்தகமே விரிந்து கிடக்கிறது. கோல்ஃப் கிளப்புகளில் காலர் வைத்த சட்டை போடவேண்டும் என்ற கட்டுப்பாடு பொதுவாக உண்டு. அந்த காலர் டி-சர்ட்டை நாம்தான் பிக்கே துணியில் தைத்து அனுப்புகிறோம். ஆடுகிறவர் தோளைச் சுழற்றும்போது சட்டை எங்கே மேலே ஏறுகிறது, முதுகில் வியர்வை எங்கே ஒட்டுகிறது என்று பாருங்கள். இப்போது ஆட்டக்காரர்கள் பாலியஸ்டரும் எலாஸ்டேனும் கலந்த, சீக்கிரம் காய்கிற துணிக்குப் போய்விட்டார்கள். நாம் இன்னும் பருத்தியில்தான் அதிகம் நிற்கிறோம். எந்த மெயிலிலும் வராத சேதி இது. நான்கு மணி நேரம் கூட நடந்தால் கண்ணில் படும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, கோல்ஃப் தெரியாவிட்டால் பிழைக்க முடியாது போலிருக்கிறதே என்று யாரும் பயப்படவேண்டாம். திருப்பூர் கோல்ஃபால் வளர்ந்த ஊர் அல்ல. 1978ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற இறக்குமதியாளர், பம்பாய் ஏற்றுமதியாளர்கள் மூலமாக வெள்ளை டி-சர்ட் தேடி இங்கே வந்தார். அப்போது அவரை வரவேற்க நம்மிடம் பச்சைப்புல் மைதானம் இல்லை. பனியன் தறியும், டீக்கடை பெஞ்சும்தான் இருந்தன. கோல்ஃபில் பந்தை வைக்கிற சின்ன ஆணிக்கு 'டீ' என்று பெயர். நம்ம ஊரிலும் எல்லா ஆட்டமும் டீயில்தான் ஆரம்பித்தது! நூல்காரரும் நிட்டிங்காரரும் டையிங்காரரும் பவர் டேபிள்காரரும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, வாய்ப்பேச்சில் கடன் கொடுத்து வாங்கினார்கள். சனிக்கிழமை சம்பளத்துக்குப் பணம் வந்து சேர்ந்ததா என்பதுதான் அங்கே ஸ்கோர் கார்டு. 1985ல் 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி 2024-25ல் சுமார் 40,000 கோடியைத் தொட்டதற்கு அந்தக் கணக்கு சுத்தமும் ஒரு காரணம்.

இனி ஒரு கசப்பான விஷயம். இந்தப் பச்சைப்புல்லுக்கு வேலியும் உண்டு. அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் கிளப் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது 2012ல். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள ஆர் அண்ட் ஏ கிளப் 2014ல்தான் சம்மதித்தது. நம் கம்பெனிகளில் தைப்பதும் செக்கிங் பார்ப்பதும் பெரும்பாலும் பெண்கள். மெர்ச்சண்டைசர்களிலும் எத்தனையோ தங்கைகள் இருக்கிறார்கள். பையரோடு ஆறு மாதம் மெயிலில் மல்லுக்கட்டி சாம்பிள் ஓகே வாங்கியது ஒரு தங்கை. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் முதலாளியும் பையரும் டெலிவரி தேதியை முடிவு செய்துவிட்டு வந்து, திங்கட்கிழமை அவளிடம் சொன்னால் என்ன நியாயம்? இரவு ஷிப்டில் அந்தத் தேதியை இழுத்துப் பிடிக்கப் போவது அவளும் தையல்காரர்களும்தானே? அதனால் என் கம்பெனியில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். விலையும் தேதியும் ஆபீஸ் மேஜையில்தான் முடிவாகும். அந்த ஆர்டரைப் பார்க்கிறவர் மேஜையில் இருந்தாகவேண்டும். "மைதானத்துலயே முடிச்சிரலாமே" என்று சொன்ன பையர்களும் உண்டு. "வாங்க, ஆபீஸ்ல ஒரு டீ சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்பதுதான் என் பதில்.

உறவின் எடை கஷ்டகாலத்தில்தான் தெரியும். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2020ல் கொரோனா வந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. மூன்று முறையும் எல்லோரும் அவரவர் தொலைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். 2020ல், என்னோடு பலமுறை ஆடிய ஒரு பையர் இரண்டு வரி மெயிலில் ஆர்டரை ரத்து செய்தார். கோல்ஃப் குச்சியையே தொடாத இன்னொருவர், எங்கள் கேன்டீனில் டீ குடித்துவிட்டு லைன் லைனாக நடந்து பார்ப்பவர், "துணி வாங்கிவிட்டீர்களா? அந்தப் பணத்தை முதலில் அனுப்புகிறேன், தைப்பதைப் பிறகு பார்க்கலாம்" என்றார். மைதானம் அறிமுகத்தைத் தரும். நம்பிக்கையைத் தருவது, சொன்ன தேதியில் ஏறின கன்டெய்னரும், தவறு வந்தபோது மறைக்காமல் சொன்ன கணக்கும்தான்.

தம்பி தங்கைகளே, வாய்ப்புக் கிடைத்தால் கோல்ஃப் கற்றுக்கொள்ளுங்கள். உடம்புக்கும் நல்லது. கிடைக்காவிட்டால் ஏங்காதீர்கள். ஆனால் யாரும் பார்க்காத புதருக்குள் அடித்த அடியையும் எண்ணிச் சொல்கிற பழக்கத்தை இந்தக் கல்லூரியிலேயே ஆரம்பித்துவிடுங்கள். லேப் ரெக்கார்டிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம்மில் சிலருக்கு அப்பாவின் தொழிலோடு ஊர்ப்பழக்கமும் சேர்ந்தே வந்தது. இந்த மாணவர்களில் பலருக்கு அப்படி ஒருவரும் இல்லை. ஹேண்டிகேப் கொடுக்கவேண்டிய இடம் இது. ஆளுக்கு ஒரு மாணவரையோ மாணவியையோ வருஷத்தில் இரண்டு நாள் நம் கம்பெனிக்கு அழைத்து, பையர் வரும்போது பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைப்போம். இன்று பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்காகச் செயலாளர் வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். முதல் பெயரை நானே எழுதிவிட்டுத்தான் மேடை ஏறினேன்.