பெயரைக் கேட்கும் செவிலியர்

பிப்ரவரி 3, புனித பிளாசியு திருநாளன்று, இரண்டு மெழுகுதிரிகளைக் குறுக்காகத் தொண்டையருகே பிடிக்க நாம் ஆசி பெறுகிறோம். தைராய்டு அறுவை சிகிச்சை முடிந்தவரின் தொண்டையைக் காக்க இன்னொருவரும் இருக்கிறார்: இரவுப் பணியிலுள்ள செவிலியர்.

அவர் நோயாளியை எழுப்பி, "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்பார். "தூங்கவிடுங்கள் சிஸ்டர்" என்று துணைக்கு இருக்கும் நாம் முகம் சுளிக்கிறோம். பெயரை அறியவா கேட்கிறார்? தைராய்டை ஒட்டியே குரல் நரம்பு ஓடுகிறது. அது பாதிக்கப்பட்டால் பேச்சு கரகரக்கும். பிடரிக்கு அடியில் கைவிட்டுப் பார்ப்பதும் காரணத்தோடுதான். முன்பக்கக் கட்டு உலர்ந்திருந்தாலும் இரத்தம் பின்னால் வழிந்திருக்கலாம். உள்ளேயே தேங்கினால் மூச்சுக்குழாய் நெரியும். முதல் 24 மணி நேரம் அந்தக் கவலை பெரிது.

ஒன்றை மட்டும் நோயாளிதான் சொல்லவேண்டும். உதட்டைச் சுற்றி மரத்துப்போவது, விரல் நுனியில் ஊசி குத்துவதுபோல் இருப்பது. இரத்தத்தில் கால்சியம் குறைவதன் முதல் அடையாளம் அது. இரண்டாம், மூன்றாம் நாளிலும் வரலாம். கவனியாவிட்டால் வலிப்பு வரை போகும். "சிஸ்டருக்கு ஏன் தொல்லை?" என்று நம் தாய்மார்கள் அடக்கிக்கொள்வார்கள். பொறுமை புண்ணியந்தான், இங்கே மட்டும் வேண்டாம். வீடு திரும்பிய பின் இப்படி இருந்தாலும், விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம்.