கெலாமா மீனின் காதுக்கல்லும் கடற்கரை மீன்கல்லும்



பிள்ளைகள் கடற்கரையில் பொறுக்கி வரும் கல்லை வீட்டுக்குள் விடலாமா என்பது இன்றைய கேள்வி. எதிரணியில் இருக்கும் அம்மாமார்கள் 'குப்பை' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். சின்ன மீன் பதிந்த கல் கிடைத்தால் தூக்கி எறியவும் வேண்டாம், பொக்கிஷம் என்று துள்ளவும் வேண்டாம் என்பது என் கட்சி.

முதலில் எந்தக் கடற்கரை என்று கேளுங்கள். கிள்ளான்காரர்கள் அதிகம் போவது மோரிப்புக்கு. அங்கே காலில் ஒட்டும் சேறு, புவியியல் கணக்கில் நேற்று வந்தது. சில ஆயிரம் ஆண்டுகள்தாம் வயது. அந்தச் சேற்றின் மேல் வெளிர்நிறப் பலகைக்கல்லில் அழகான மீன் கிடந்தால், கடையில் வாங்கிய யாரோ தவற விட்டிருப்பார்கள் என்றுதான் நான் நினைப்பேன். கடைகளில் விற்கும் சின்ன மீன்கற்களில் பல, அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலிருந்து வருபவை. நைட்டியா என்று பெயர். நம் மத்தி மீனுக்குத் தூரத்துச் சொந்தம். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏரியில் நீந்தியது.

ஆனால் கரையில் கிடப்பதெல்லாம் கடைச்சரக்கும் அல்ல. கனடாவில் ஒட்டாவா நகரை ஒட்டிய கிரீன் கிரீக் ஓடைக்கரையில் கெட்டியான களிமண் உருண்டைகள் கிடைக்கும். பிளந்தால் உள்ளே கேப்லின் என்ற சிறுமீன்! சுமார் 10,000 ஆண்டுப் பழையது. அதே இனம் இன்றும் வடக்குக் கடல்களில் நீந்துகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? பூதக்கண்ணாடி ஒன்று போதும். நடுவே முதுகெலும்பு மணிமணியாகக் கோத்தது போல் தெரிய வேண்டும். அதிலிருந்து விலா முட்கள் ஒரே சீராகப் பிரிய வேண்டும். துடுப்பில் கதிர் கதிராகக் கோடுகள் இருக்க வேண்டும். எலும்பின் நிறமும் பளபளப்பும் சுற்றியுள்ள கல்லிலிருந்து வேறுபடும். தூரிகைக் கோடோ, உளி கீறிய தடமோ தெரிந்தால் அது ஏமாற்று வேலை. செடிபோல் கிளை விட்ட கறுப்புக் கறையைக் கண்டு மீன்முள் என்று மயங்குகிறவர்களும் உண்டு. அது மாங்கனீசு படிந்த கோலம், உயிரே அல்ல.

முழுமீன் கிடைப்பது அபூர்வம். பல்லும் காதுக்கல்லும்தான் நிலைத்து நிற்கும். காதுக்கல் என்றதும் சிரிக்கிறீர்கள்! கெலாமா மீன் தலையைக் குழம்பில் போட்டவர்கள் எல்லாரும் அதைப் பார்த்திருக்கிறீர்கள். தட்டில் ஒதுக்கி வைப்பீர்களே அந்த வெள்ளைக் கல், அதேதான். மரத்துக்கு இருப்பது போல அதிலும் ஆண்டு வளையம் உண்டு. இனத்துக்கு இனம் வடிவம் மாறும். கேரளத்தில் கொல்லத்துக்கு அருகே படப்பக்கரையில் ஏறத்தாழ 1.7 கோடி ஆண்டுப் பழைய காதுக்கற்களை வைத்தே அன்றைய கடலில் என்னென்ன மீன்கள் இருந்தன என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

நம் நாட்டுக் கதையும் பல்லில்தான் இருக்கிறது. 2014 பிப்ரவரியில் மலாயாப் பல்கலைக்கழகம், பகாங்கில் கிடைத்த டைனோசர் பல் ஒன்றை அறிவித்தது. நீளம் 23 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தை விடப் பெரிது. 2019இல் அதே பகாங்கிலிருந்து மலேசியாவின் முதல் கிரெட்டேசியக் கால மீன் தொகுதியைப் பற்றிய ஆய்வு வெளியானது. நன்னீரில் வாழ்ந்த சுறாக்களின் பற்களும் அதில் இருந்தன. தாய்லாந்தில் கிடைத்தவற்றோடு அவை ஒத்துப்போயின. டைனோசர் பல் கிடைத்த இடத்தை ஆய்வுக் குழு அன்று வெளியிடவில்லை. ஆள் ஆளுக்குப் பெயர்த்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற கவலை!

அம்மாமார்களே, இங்கேதான் நான் உங்களோடு வேறுபடுகிறேன். எந்தப் பாறை, எந்த அடுக்கு என்று தெரியாத பல், அலமாரிக்குத்தான் அழகு. ஆய்வுக்குப் பாதிப் பயன்கூட இல்லை. ஆகவே எடுப்பதற்கு முன் பக்கத்தில் ஒரு காசை வைத்துப் படம் பிடியுங்கள். இடத்தையும் தேதியையும் குறியுங்கள். பாறையோடு ஒட்டியிருந்தால் சுத்தியலைத் தொடாதீர்கள். வினிகர் ஊற்றிக் கழுவுவது இன்னும் மோசம், சுண்ணாம்பு கரைந்துவிடும். பிரிக்பீல்ட்ஸிலிருந்து மலாயாப் பல்கலைக்கழகம் எட்டிப் பிடிக்கும் தூரம்தான்; அங்கே புவியியல் துறை இருக்கிறது. ஈப்போ பக்கம் போகிறவர்கள் அங்குள்ள புவியியல் அருங்காட்சியகத்தில் காட்டலாம். பையனைக் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். எங்கே கிடந்தது என்று அவனுக்குத்தான் தெரியும்.