வெந்நீருக்கு ஒரு கடன்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மேடையில பேசிப் பழக்கமில்லை. தையல், கறவை மாடு, ஊறுகாய்னு கடன் வாங்கி முன்னுக்கு வந்தவங்க பேசுற இடத்துல, நான் வெந்நீர் வைக்கக் கடன் வாங்கின கதையைச் சொல்லப் போறேன். சிரிக்காதீங்க. எங்க குழுவுல ஏற்கெனவே சிரிச்சு முடிச்சுட்டாங்க.

எங்க வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டி சிப்காட்ல கம்பி உருட்டுற கம்பெனியில கான்ட்ராக்ட் வேலை. நைட் ஷிப்ட் முடிஞ்சு காலையில வந்தா உடம்பெல்லாம் இரும்புத் தூசி, எண்ணெய்ப் பிசுக்கு. பச்சைத் தண்ணியில போகாது. அத்தைக்கு மூட்டு வலி, வருஷம் முழுக்க வெந்நீர்தான். பசங்க ரெண்டு பேர். நாலு பேர் குளிக்க நான் நாலரை மணிக்கு எழுந்து, எங்க அம்மா சீரா கொடுத்த செம்பு பாய்லர்ல நெருப்பு வைப்பேன். வேலிக்காத்தான் முள்ளும் சவுக்குச் சிராயும் எங்க பக்கம் கிடைக்கும். மேல பச்சைத் தண்ணி ஊத்தினா மூக்கு வழியா வெந்நீர் வரும். நல்ல பாய்லர். புகைதான் கண்ணை எரிக்கும்.

போன மார்கழியில ஒரு நாள் தூக்கக் கலக்கத்துல தண்ணி ஊத்தாம நெருப்பு வச்சுட்டேன். பத்துவைச்ச இடம் உருகி அடியில ஒழுக ஆரம்பிச்சுது. தப்பு என்னோடதுதான். மறுபடி பத்துவைச்சேன், ஒரு மாசம் தாங்கினது, திரும்ப ஒழுகிச்சு.

அவசரத்துக்கு ஒரு ஹீட்டர் ராடு வாங்கினோம். கடையில இருந்ததுலயே மலிவு, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கான்னு கூடப் பார்க்கலை. பின் மூணு இருந்துச்சு, ஆனா எங்க வீட்டு பிளக்குல எர்த் கம்பியே இழுக்கலைங்கறது அப்போ யாருக்கும் தெரியாது. ஒரு நாள் அத்தை, தண்ணி சுட்டுச்சான்னு ராடு ஓடும்போதே பக்கெட்டுல கை விட்டாங்க. சத்தம் கேட்டு ஓடினேன். அத்தை சுவரோரம் கிடந்தாங்க. என் பெரிய பையன் மெயினை அணைச்சான். கை ஒரு வாரம் மரத்துப் போச்சு, உயிருக்கு ஒண்ணும் ஆகலை. அன்னைக்கு ராத்திரி அந்த ராடை நானே எடுத்துக் கிணத்துல போட்டேன். கோபம். வேற எதுவும் தோணலை.

அப்புறம்தான் யோசனை ஆரம்பம். மச்சினர் கேஸ் கீசர் வாங்கச் சொன்னார், உடனே சூடாகும், கரண்ட்டு வேணாம்னு. எனக்குப் பயம். பக்கத்துத் தெருவுல ஒரு தங்கச்சி வீட்டுல அதைக் குளியலறைக்குள்ளயே மாட்டியிருந்தாங்க. கொசுவுக்குப் பயந்து ஜன்னலை அடைச்சிருந்தாங்க. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பின பொண்ணு உள்ளேயே மயங்கி விழுந்துட்டா. கதவை உடைச்சுத்தான் தூக்கினாங்க, பிழைச்சா. கேஸ் எரியறப்போ அறையில காத்தோட்டம் இல்லைன்னா கார்பன் மோனாக்சைடுன்னு ஒரு விஷக்காத்து சேருமாம், அதுக்கு வாசனையும் இல்லை நிறமும் இல்லை. அதை வெளியிலதான் மாட்டணும். எங்க வீட்டுல வெளியில மாட்ட சுவர் இல்லை.

சோலார்தான் எனக்கு ஆசை. வெயிலுக்கா நம்ம ஊர்ல பஞ்சம்? ஆனா வீட்டுக்கு மேல சிமெண்ட் ஷீட்டு. நூறு லிட்டர் தண்ணியே நூறு கிலோ, டேங்க் கனம் வேற. குளியலறைத் தளம் ஒண்ணுதான் காங்கிரீட், அதுமேல தண்ணித் தொட்டி இருக்கு. சோலார் டேங்க் அந்தத் தொட்டிக்குக் கீழே இருந்தாத்தான் தண்ணி இறங்கும். இடமே இல்லை. மாடி வீட்டுக்காரங்க இருந்தா தயவுசெஞ்சு சோலாரைப் பாருங்க.

மிஞ்சினது கரண்ட்டு கீசர். பில் எகிறும்னு அத்தை பயந்தாங்க. பையன் இயற்பியல் புத்தகத்தை எடுத்துக் கணக்குப் போட்டான். ஒரு பக்கெட் தண்ணி குளிக்கிற சூட்டுக்கு வர ஏறக்குறைய அரை யூனிட். ராடுல போட்டாலும் கீசர்ல போட்டாலும் அரை யூனிட்தான், தண்ணி சூடாகிறதுக்கு வேண்டிய சக்தி ஒண்ணுதானேன்னான். நாலு பேருக்கு ரெண்டு யூனிட், ரெண்டு மாசத்துக்கு 120. அப்போ நம்ம பில்லுல முதல் 100 யூனிட் இலவசமா இருந்துச்சு, 500-ஐத் தாண்டினா ஸ்லாப் மாறிச்சு. நாங்க தாண்ட மாட்டோம்.

அதுக்கப்புறம் குழுக் கூட்டம். பத்தாயிரம் உள்கடன் கேட்டேன். ஒரு பெரியக்கா எழுந்து, "கந்துவட்டியில இருந்து மீளறதுக்கு ஆரம்பிச்ச குழும்மா இது, 1989-ல தர்மபுரியில தொடங்கினப்போ எவ்வளவு கஷ்டம்னு தெரியுமா, குளிக்கறதுக்குக் கடனா?"ன்னாங்க. அவங்க சொன்னதுல தப்பில்லை. நான் அத்தை கையைக் காட்டினேன். காலையில விறகுக்கும் புகைக்கும் போற ஒன்றரை மணி நேரத்துல நான் ரெண்டு ரவிக்கை தைப்பேன்னும் சொன்னேன். ரொம்ப நேரம் சண்டை. கடைசியில அந்தப் பெரியக்காவே ஒரு நிபந்தனை போட்டாங்க: முதல்ல எர்த் போடணும், அப்புறம்தான் கீசர், வயரிங் பில்லைக் குழுவுல காட்டணும். நூத்துக்கு ஒரு ரூபா வட்டி, பத்து தவணை.

எல்லாரும் கீசர் என்ன விலைன்னுதான் கேட்கறாங்க. கீசர் 7,200. எர்த் குழி, தனி வயர், 16 ஆம்ப்ஸ் பிளக், கரண்ட்டு கசிஞ்சா தானா அணையற ஆர்.சி.சி.பி., எல்லாம் சேர்ந்து 5,000. பைப் வேலைக்கு 800. இந்த 5,000-ஐ யாரும் கணக்குல வைக்கறதில்லை. எங்க அத்தையைத் தள்ளினது அந்த இல்லாத 5,000 தான்.

வீட்டுக்காரர் 25 லிட்டர் கேட்டார். 15 போதும்னேன். கொதிக்கற தண்ணியை விளாவித்தானே குளிக்கிறோம், ரெண்டு பக்கெட்டுக்கு வந்துடும், அடுத்த ஆள் எண்ணெய் தேய்ச்சு முடிக்கறதுக்குள்ள மறுபடி சூடாகிடும். ஸ்டார் முத்திரைங்கறது சூட்டை எவ்வளவு நேரம் பிடிச்சு வைக்குதுங்கறதுக்கு. நாங்க ஒருத்தர் பின்னால ஒருத்தர் குளிச்சு அணைச்சுடறதால ரொம்ப ஸ்டாருக்கு அதிகப் பணம் தரலை. எங்க போர் தண்ணி உப்பு. ராடுல வெள்ளையா படிஞ்சதைப் பார்த்திருக்கோம். அதனால உள்ளே மெக்னீசியம் கம்பி இருக்கற டேங்கா கேட்டு வாங்கினேன். அது டேங்குக்குப் பதிலாத் தான் கரையும், தேய்ஞ்சா மாத்தணும்.

கடன் போக மூவாயிரம் குறைஞ்சுது. செம்பு பாய்லரை எடைக்குப் போட்டேன். ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைச்சல். தராசுல வைக்கறப்போ பார்க்க முடியலை, வெளியே வந்து நின்னேன். அம்மா மூணாவது வரிசையில இருக்காங்க, அவங்களுக்கு இதை இப்போதான் சொல்றேன். பேரை வெட்டின மூடியை மட்டும் கொடுக்கலை, வீட்டுல இருக்கு.

ஏழு தவணை கட்டியாச்சு. ஆர்.சி.சி.பி.யில ஒரு சின்ன பட்டன் இருக்கும், மாசம் ஒரு தடவை அழுத்தினா அணையணும். அணையலைன்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. எங்க வீட்டுல அதை அழுத்தறது அத்தைதான்.