பணம் போய்ச் சேர்ந்ததா? நிறுவனக் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் விதம் பற்றிய ஓர் உரை



நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் உங்கள் தொழிலைப் பற்றிப் பேசுங்கள் என்று செயற்குழு கேட்டபோது நாங்கள் மூவரும் கொஞ்சம் தயங்கினோம். வைத்தியராக இருக்கும் தோழி என்ன செய்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் வேலையை வீட்டிலேயே விளங்கப்படுத்த முடிவதில்லை. "ஏதோ கொம்பியூட்டர் வேலை" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஒருவர் கொழும்பிலும் மற்ற இருவர் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்தாலும் மூவரும் செய்வது ஒரே வேலைதான். ஒரு நிறுவனத்துக்குள் தனித்தனியாக இருக்கும் கணினி முறைமைகளை ஒன்றோடொன்று பேச வைப்போம். பேசிய பின் காரியம் நடந்ததா என்று பார்ப்போம். இந்த இரண்டாவது பாதியைப் பற்றித்தான் இன்று அதிகம் சொல்ல விரும்புகின்றோம். முதற்பாதி இல்லாமல் அது விளங்காது என்பதால் அங்கிருந்து தொடங்குகின்றோம்.

ஒரு வங்கியை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளரின் விவரம் ஒரு முறைமையில் இருக்கும். கணக்கின் மீதி இன்னொன்றில். வெளிநாட்டுப் பணத்தைப் பார்ப்பது வேறொன்று, கைத்தொலைபேசிச் செயலி வேறொன்று. ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் எழுதியது. ஒன்றின் பாஷை மற்றதற்குத் தெரியாது. இவற்றுக்கிடையே இருக்கும் முறையான பேச்சு வழிக்கு 'ஏபிஐ' என்று பெயர். நாங்கள் அதைக் கச்சேரிக் கவுண்டர் என்று சொல்லித்தான் விளங்கப்படுத்துவோம். உள்ளே எந்த அலுமாரியில் எந்தக் கோப்பு இருக்கின்றது என்று நமக்குத் தெரியத் தேவையில்லை. உரிய படிவத்தை நிரப்பி யன்னலால் கொடுத்தால் உரிய பதில் வரும். படிவம் மாறாதவரை, உள்ளே அலுமாரியை இடம் மாற்றினாலும் வெளியே நிற்பவருக்குக் கவலை இல்லை.

ஒரு யன்னல் என்றால் ஒரு லிகிதர் போதும். இருநூறு யன்னல்களும் ஆயிரக்கணக்கான வெளியாரும் என்று வந்துவிட்டால் அதற்கு ஒரு முகாமைத்துவம் வேண்டும். எல்லாரும் ஒரே வாயிலால்தான் வரவேண்டும். வருபவர் யார், எந்த யன்னலுக்குப் போகலாம், எப்போதுவரை என்பதெல்லாம் அவர் கையில் இருக்கும் சீட்டில் இருக்க வேண்டும். விடுதியில் இருந்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: வார இறுதிக்கு வீட்டுக்குப் போகத் தரும் அனுமதிச் சீட்டு ஞாயிறு மாலையோடு காலாவதியாகிவிடும், அதைக் காட்டித் திங்கட்கிழமை வெளியே போக முடியாது. 2012இல் வெளிவந்த 'ஓஓத் 2.0' என்ற நியமம் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கின்றது. ஒருவரே நிமிடத்துக்குப் பத்தாயிரம் தடவை வந்து தட்டினால் '429' என்ற இலக்கத்தைக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடும். அளவுக்கு மிஞ்சிக் கேட்டுவிட்டாய், பிறகு வா என்று அர்த்தம். படிவத்தை மாற்ற வேண்டி வந்தால் பழையதையும் புதியதையும் சில காலம் சேர்த்தே வைத்திருப்பார்கள். பாடத்திட்டம் மாறும்போது பழையதற்கும் புதியதற்கும் தனித்தனி வினாத்தாள் வருமே, அதுபோல.

இந்தத் துறையில் உலகம் அறிந்த பெயர்களுள் ஒன்றுக்கு வேர் இலங்கையில் இருக்கின்றது. அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்த சஞ்சீவ வீரவர்ண, போல் ஃபிறீமான்ரில் முதலியோருடன் சேர்ந்து 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 என்ற நிறுவனம் அது. அதன் பொறியியலாளர்களில் பெரும்பாலானோர் கொழும்பில் இருந்தே எழுதினார்கள். அமெரிக்காவின் ஈபே நிறுவனம் தன் கொடுக்கல் வாங்கல் செய்திகளை, ஒரு நாளில் நூறு கோடிக்கும் மேல், இவர்களுடைய இணைப்பு மென்பொருளினூடாக அனுப்பியது. ஏபிஐ முகாமைத்துவத்துக்கான மென்பொருளை 2012இல் வெளியிட்டார்கள். 2024இல் சுவீடனைச் சேர்ந்த ஈகியூரி என்ற முதலீட்டு நிறுவனம் டபிள்யூஎஸ்ஓ2ஐ வாங்க உடன்பட்டது. விலை 60 கோடி அமெரிக்க டொலருக்கும் மேல் என்று செய்திகள் வந்தன. பின்வரிசைத் தங்கைகளுக்கு இதில் முக்கியமானது விலை அல்ல. அந்த மென்பொருள் திறந்த மூலமாக வெளிவந்தது. யாரும் இறக்கி, பிரித்து, வாசித்துப் பார்க்கலாம். அதற்கு விசாவும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம்.

வாயில் ஒரு பக்கம் இருக்க, உள்ளே மொழிபெயர்ப்பு வேலை ஒன்று நடக்கின்றது. நம்முடைய தேசிய அடையாள அட்டையையே பாருங்கள். பழைய இலக்கம் ஒன்பது எண்களும் ஓர் எழுத்தும். 2016இல் வந்த புதியது பன்னிரண்டு எண்கள். ஒரே ஆள் ஒரு முறைமையில் பழைய இலக்கத்திலும் இன்னொன்றில் புதிய இலக்கத்திலும் இருப்பார். பழையதில் பிறந்த ஆண்டுக்கு இரண்டு எண், புதியதில் நான்கு. தொடர் இலக்கத்துக்கு முன் ஒரு பூச்சியம் சேரும். கடைசி எழுத்து போய்விடும். இடையில் இருக்கும் இணைப்பு மென்பொருள்தான் இரண்டும் ஒரே ஆள் என்று அறிந்து மாற்றிக் கொடுக்க வேண்டும். பெண்களுக்கு அதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆண்டு எண்ணுக்கு அடுத்த மூன்று எண்கள் பிறந்த நாளைக் குறிப்பவை. பெண் என்றால் அதோடு 500 கூட்டுவார்கள். தை 10ஆம் திகதி பிறந்த ஆணுக்கு 010, பெண்ணுக்கு 510. ஆகவே அடையாள அட்டை இலக்கத்தை யாருக்காவது அனுப்பினால் நம் வயதையும் சேர்த்தே அனுப்பிவிட்டோம்.

இனி எங்கள் வேலையின் இரண்டாவது பாதி. இத்தனை செய்திகள் ஓடும்போது எல்லாம் ஒழுங்காக நடக்கின்றதா என்று எப்படித் தெரியும்? இந்த மென்பொருள்களோடு கண்காணிப்புப் பலகை ஒன்றும் வரும். எத்தனை வேண்டுகோள்கள் வந்தன, எத்தனை தவறின, பதில் சொல்ல எவ்வளவு நேரம் என்று நிமிடத்துக்கு நிமிடம் வரைபடம் போடும். முகாமையாளர்கள் இதை மிகவும் விரும்புவார்கள், பெரிய திரையில் பச்சை நிறத்தில் அழகாக இருக்கும். எங்களுக்கு அந்தப் பச்சையில் நம்பிக்கை குறைவு.

சராசரியை முதலில் பார்ப்போம். நூறு பேரில் 95 பேருக்கு 0.2 செக்கனில் பதில் வருகின்றது, ஐந்து பேருக்கு 20 செக்கன் ஆகின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 1.19 செக்கன். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் அந்த 1.19 செக்கனை அனுபவித்தவர் ஒருவர்கூட இல்லை. ஐந்து பேர் செயலியை மூடிவிட்டுப் போயிருப்பார்கள். அதனால்தான் சராசரியைக் கேட்காமல், மிகவும் தாமதமான ஐந்து வீதத்தினர் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று கேட்கச் சொல்வோம். அடுத்தது சங்கிலிக் கணக்கு. ஒரு காரியம் ஐந்து முறைமைகளைக் கடக்க வேண்டும், ஒவ்வொன்றும் நூற்றுக்கு 99 தடவை சரியாக வேலை செய்கின்றது என்றால், ஐந்து பகுதித் தலைவர்களும் நிமிர்ந்து நடப்பார்கள். ஐந்தையும் பெருக்கினால் 95 சொச்சம்தான். நூறு பேரில் ஐந்து பேரின் காரியம் எங்கோ நின்றுவிடுகின்றது, யாருடைய பலகையிலும் சிவப்பு இல்லை.

எங்களுள் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கின்றோம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஊரில் அம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை. ரொறன்ரோவிலிருந்து திங்கட்கிழமை பணம் அனுப்பினார். 'வெற்றிகரமாக அனுப்பப்பட்டது' என்று உடனே செய்தி வந்தது. செவ்வாய் பணம் இல்லை. புதன் இல்லை. வியாழன் காலை அம்மா வைத்தியசாலைக் காசாளர் முன் நின்று, மகள் அனுப்பிவிட்டாள், வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வயதில், அந்தக் கூட்டத்துக்குள். சத்திரசிகிச்சை தள்ளிப்போனது. ஆறாம் நாள் பணம் அனுப்பியவருக்கே திரும்பி வந்தது. தொலைபேசியில் விசாரித்தபோது கிடைத்த பதில், அந்த வாரம் எங்கள் முறைமையில் எந்தக் கோளாறும் பதிவாகவில்லை என்பதுதான்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. அதுதான் விஷயம்.

காரணம் அம்மாவின் பெயர். வங்கிக் கணக்கில் முதலெழுத்துகளுடன் சொந்தப் பெயர் இருந்தது. பணம் அனுப்பும் படிவம் குடும்பப் பெயரையும் முதற்பெயரையும் தனித்தனியாகக் கேட்டது. நம்மிடம் எது குடும்பப் பெயர்? கலியாணத்துக்கு முன் தகப்பன் பெயர், பின் கணவன் பெயர், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஓர் எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் இன்னொன்று. பெறும் முறைமை இரண்டையும் ஒப்பிட்டு, பெயர் பொருந்தவில்லை என்று பதில் அனுப்பியது. ஆனால் அந்தப் பதில் '200' என்ற உறையில் போனது. '200' என்றால் உன் வேண்டுகோள் கிடைத்தது, பதில் சொல்லிவிட்டேன் என்று அர்த்தம். வாயில் உறையைப் பார்த்தது, வெற்றி என்று எண்ணியது. உள்ளே இருந்த கடிதத்தை யாரும் வாசிக்கவில்லை. இத்துறையிலேயே இருப்பதால் எங்களுக்கு இதை விசாரித்து அறிய முடிந்தது. மற்றவர்கள் தங்கள் விதி என்று இருந்துவிடுவார்கள்.

கருவி குறைவால் இது நடக்கவில்லை. இதைப் பிடிப்பதற்கான வசதி எல்லா நல்ல இணைப்பு மென்பொருளிலும் உண்டு. பதிவுத் தபாலுக்கு இலக்கம் கொடுப்பதுபோல, வாயிலுக்குள் நுழையும்போதே ஒவ்வொரு செய்திக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, கடைசி முறைமைவரை அதே இலக்கத்தைக் கொண்டுபோகச் செய்யலாம். பிறகு எண்ண வேண்டியது மிகவும் சுருக்கமானது: இன்று வாயிலில் வந்தவை எத்தனை, கணக்கில் வரவானவை எத்தனை, காரணத்தோடு திரும்பியவை எத்தனை. முதலாவதிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் பூச்சியம் வரவேண்டும். வராவிட்டால் யாரோ ஓர் அம்மா எங்கோ நின்றுகொண்டிருக்கிறார். வர்த்தகப் பிரிவில் படித்தவர்கள் வங்கி இணக்கக் கூற்று எழுதியிருப்பீர்கள். அதையேதான் நாள் முடிவில் செய்யாமல் நிமிடத்துக்கு நிமிடம் செய்கின்றோம். திரும்பியவற்றைக் காரணவாரியாகப் பிரித்து வரைந்தால் அடுத்த உண்மையும் தெரியவரும். அந்த நிறுவனம் வரைந்திருந்தால், 'பெயர் பொருந்தவில்லை' என்ற தூணில் நம்மைப் போன்ற பெயர்க்காரர்கள் வரிசையாக நின்றிருப்பார்கள் என்பது எங்கள் சந்தேகம்.

இதை வரையும்படி யார் கேட்பது? கணினிப் பகுதி தானாகக் கேட்காது, அவர்களுடைய கடமை வாயில் திறந்திருப்பது. வியாபாரப் பகுதிக்குக் கேட்கலாம் என்றே தெரியாது. கூட்டத்தில் ஒருவர், பணம் போய்ச் சேர்ந்ததை எங்கே எண்ணுகின்றீர்கள் என்று கேட்க வேண்டும். நாங்கள் மூவரும் வேலை செய்த இடங்களில் அந்தக் கேள்வியைக் கேட்டதால் கூட்டம் நீண்டிருக்கின்றது, சிலருக்குப் பிடிக்காமலும் போயிருக்கின்றது. இன்னொன்று: இரகசிய இலக்கம் கைத்தொலைபேசிக்கு வந்து, அதை வாசித்துத் தட்டுவதற்குள் நேரம் முடிந்து, சலித்து, செயலியை மூடியவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். அவர் கடைசிப் படிவத்தை அனுப்பவே இல்லை. அவர்களை எண்ணப் பலகை போதாது, எழுந்து போய் விசாரிக்க வேண்டும்.

இனி நம் சங்கத்து விஷயம். கிளைகள் எல்லாவற்றையும் இணைத்து ஓர் அங்கத்தவர் முறைமை செய்ய வேண்டும் என்ற பேச்சு இருப்பதால், செயற்குழு எங்கள் அபிப்பிராயத்தையும் கேட்டது. இன்று சொன்ன பெரிய மென்பொருள் எதுவும் நமக்கு வேண்டாம். ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிப்போக இ.போ.ச. பஸ் வாங்கும் கதையாகிவிடும். ஒழுங்காக வைத்திருக்கும் ஒரு விரிதாளே சில வருடங்களுக்குப் போதும். ஆனால் ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி நுழைவுச்சொல் இருக்கட்டும்; பொறுப்பாளர் மாறும் அன்றே அதுவும் மாறட்டும். பட்டியலில் அடையாள அட்டை இலக்கத்தைச் சேர்க்க வேண்டாம். சங்கத்துக்கு அது எதற்கு? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவைக்கு மிஞ்சிச் சேகரிக்க வேண்டாம் என்றுதான் சொல்கின்றது. பெயருக்கு ஒரே ஒரு பெட்டி வையுங்கள். அவரவர் தம் பெயரை எழுதும் விதத்திலேயே எழுதட்டும். கிளைகள் அனுப்பும் புலமைப்பரிசில் பணத்துக்கு, அனுப்பிய பற்றுச்சீட்டை மட்டும் கோவைப்படுத்தாமல், பிள்ளையின் கையெழுத்து வந்த திகதியையும் பக்கத்தில் எழுதி வாருங்கள். இரண்டு திகதிகளுக்கும் இடையில் எத்தனை நாள் என்று ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் வாசிக்கலாம்.

உயர்தரத் தங்கைகளில் யாருக்காவது இந்த வேலையைக் கிட்டப் பார்க்க விருப்பமிருந்தால், தேநீர் இடைவேளையில் எங்களிடம் வாருங்கள். மடிக்கணினியில் ஒரு சிறிய வாயிலை இயக்கி வைத்திருக்கின்றோம். கணிதப் பிரிவுதான் வரவேண்டும் என்றில்லை. எங்களுள் ஒருவர் வர்த்தகம் படித்தவர்.