நம் ஊர் வானாராய்ச்சியில் ஓராண்டு



இசையும் நாடகமும் நிறைந்த இவ்வாண்டு விழாவில் அறிவியற்பொருள் ஒன்றைப் பற்றியும் சிறிது பேசவேண்டுமெனச் செயலாளர் அவர்கள் பணித்தார்கள். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்து, ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிவரும் நாம் விண்மீன்களைப் பற்றிப் பேசுதல் தகுமோ என்று தயங்கினோம். ஆயினும், உள்ளூர் மாடு விலைபோகாது என்னும் பழமொழி நினைவிற்கு வந்தது. உலகத்து அறிஞரெல்லாம் தேடிவரும் கருவியொன்று நம் புனே நகருக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நம் காலனிக் குடும்பங்களுள் பல அதனைக் கண்டதில்லை. ஆதலின், படித்தும் கேட்டும் அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கத் துணிந்தோம்.

நாராயண்காவ் என்னும் ஊருக்கருகே கோடத் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கேதான் ஜி.எம்.ஆர்.டி. எனப்படும் மாபெரும் மீட்டரலை ரேடியோ தொலைநோக்கி அமைந்துள்ளது. தொலைநோக்கி என்றதும் கண்ணாடி பொருத்திய நீண்ட குழாய் நம் மனத்தில் தோன்றும். இதுவோ வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளை ஏற்கும் கருவி. கிண்ணம் போன்ற 30 ஆண்டெனாக்கள் சேர்ந்து இதில் ஒன்றாய் உழைக்கின்றன. ஒவ்வொன்றின் குறுக்களவும் 45 மீட்டர். 14 ஆண்டெனாக்கள் நடுவே நெருங்கி நிற்க, மற்றைய 16 மூன்று கிளைகளாய்ப் பிரிந்து 25 கிலோமீட்டர் அளவிற்குப் பரந்து கிடக்கின்றன. கிண்ணத்தின் பரப்பு தகட்டால் ஆனதன்று. துருப்பிடியாத எஃகுக் கம்பி வலையால் ஆனது. காற்று வலையின் ஊடே புகுந்து போய்விடுவதால், அதைத் தாங்கும் சட்டம் மிகக் கனமாய் இருக்கவேண்டுவதில்லை, செலவும் குறைகிறது. சிக்கனம் அறிந்த நம் நாட்டார் கண்ட வழி இது.

இக்கருவியின் ஓராண்டுப் பணியைச் சொல்லுமுன், புனேயில் இதற்கு முன்பும் ஒரு வானாராய்ச்சிக் கூடம் இருந்த செய்தியைச் சொல்லவேண்டும். 1888 ஆம் ஆண்டில், இந்நகரத்து அறிவியற் கல்லூரியில், காவஸ்ஜி தாதாபாய் நேகம்வாலா என்னும் பார்சிப் பேராசிரியர் அதனை நிறுவினார். பாவ்நகர் மன்னர் தக்தசிங்ஜி பொருளுதவி புரிந்தமையால் கூடம் அவர் பெயரைத் தாங்கியது. அங்கிருந்த 20 அங்குலத் தொலைநோக்கி பல்லாண்டு இந்நாட்டின் மிகப் பெரிய தொலைநோக்கியாக விளங்கிற்று. 1898 சனவரியில் முழுச் சூரிய கிரகணம் நேர்ந்தபோது, பேராசிரியர் தம் குழுவோடு ஜேவூரில் முகாமிட்டு அதனை ஆராய்ந்தார். தவுண்டுக்கும் சோலாப்பூருக்கும் இடையே நம் வண்டிகள் கடந்துசெல்லும் அதே ஜேவூர்தான். அமெரிக்காவின் லிக் வானாராய்ச்சிக் கூடத்தாரும் அக்கிரகணத்தைக் காண அங்கு வந்திருந்தனர்.

1912 இல் நேகம்வாலா ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் அப்பணியை ஏற்று நடத்த ஒருவரும் இல்லை. கூடம் மூடப்பட்டது. கருவிகள் கட்டப்பட்டு நம் தமிழகத்துக் கொடைக்கானல் வானாராய்ச்சிக் கூடத்திற்குச் சென்று சேர்ந்தன. கருவி கெடவில்லை, பணமில்லாமலும் அக்கூடம் மூடப்படவில்லை. ஆள் இல்லாமையால் மூடப்பட்டது. இதனை நினைவில் இருத்துமாறு வேண்டுகிறோம்.

தெற்கே சென்ற அக்கலை மீண்டும் வடக்கே வந்த வரலாறு சுவையானது. கோவிந்த் ஸ்வரூப் என்னும் அறிஞர் ஹோமி பாபா அவர்களின் அழைப்பை ஏற்று 1963 இல் அமெரிக்காவிலிருந்து தாயகம் திரும்பினார். ஆஸ்திரேலிய நாட்டார் கொடுத்த 32 சிறு ஆண்டெனாக்களை மும்பைக்கு அருகே கல்யாணில் நிறுவி, 1965 இல் சூரியனை ஆராயத் தொடங்கினார். அடுத்து அவர் நாடியது நம் நீலகிரி. உதகைக்கருகே முத்தோரையில், ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த மலைச்சரிவொன்றைத் தேர்ந்தெடுத்தார். அவ்விடத்தின் அட்சரேகையும் ஏறத்தாழ 11 பாகையே. ஆதலின் சரிவின்மேல் வடக்கு தெற்காகக் கிடத்திய கருவியின் அச்சு, பூமியின் அச்சுக்கு இணையாய் அமைந்துவிடுகிறது. அதனை ஓர் அச்சில் மெல்லத் திருப்பினாற்போதும். வானத்துப் பொருளை மணிக்கணக்காகப் பின்தொடரலாம். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டு 1970 இல் எழுந்த அத்தொலைநோக்கி, ஏறத்தாழ 22 பெட்டி கொண்ட விரைவுவண்டி எஞ்சினோடு நிற்கும் நீளமுடையது. மலையின் சாய்வைக் குறையென்று தள்ளாமல் துணையென்று கொண்ட அறிவை என்னென்பது!

உதகையில் கைவந்த திறனைக் கொண்டே கோடத்தில் ஜி.எம்.ஆர்.டி. எழுந்தது. அதனை நடத்தும் தேசிய ரேடியோ வானியற்பியல் மையம் நம் புனே பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. 1912 இல் புனேயிலிருந்து தமிழகம் சென்ற வானநூல், ஒரு நூற்றாண்டு முடியுமுன் தமிழகத்து மலையிலிருந்து புனேக்குத் திரும்பிவந்தது எனலாம். ஸ்வரூப் அவர்கள் 2020 செப்டம்பரில் புனேயிலேயே காலமானார்கள். நேகம்வாலாவிற்கு நேர்ந்த குறை இவருக்கு நேரவில்லை. இவர் வளர்த்த மாணாக்கர் பலர்.

இனி அவ்வோராண்டிற்கு வருவோம். நாம் எடுத்துக்கொள்வது 2023 ஆம் ஆண்டு.

அவ்வாண்டு சனவரியில் ஒரு செய்தி வெளியாயிற்று. விண்மீன்கள் பிறப்பதற்கு மூலப்பொருள் ஹைட்ரஜன் வாயு. அவ்வாயு 21 சென்டிமீட்டர் நீளமுள்ள ரேடியோ அலையை வெளியிடுகிறது. மிகத் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலத்தினின்று வரும் அலை மிக மெலிந்துவிடும். பிரபஞ்சம் விரிந்துகொண்டே போவதால் அலையும் நீண்டு, 48 சென்டிமீட்டர் அளவாகிவிட்ட ஓர் அலையை ஜி.எம்.ஆர்.டி. ஏற்றது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தையும் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தையும் சேர்ந்த இரு ஆராய்ச்சியாளர் இதனைக் கண்டறிந்தனர். அவ்வலை புறப்பட்டது ஏறத்தாழ 880 கோடி ஆண்டுகளுக்கு முன். அன்று நம் பூமியும் இல்லை, சூரியனும் இல்லை. இடையில் நின்ற மற்றொரு விண்மீன் மண்டலத்தின் ஈர்ப்பு, பூதக்கண்ணாடி போல அவ்வலையை ஏறத்தாழ 30 மடங்கு பெருக்கிக் கொடுத்தமையாலேயே இது கேட்டது.

அடுத்தது 2023 சூன் 29 அன்று வெளியான செய்தி. இதனை ரயில்வே மொழியில் சொன்னால் நம்மவர்க்கு எளிதில் விளங்கும். பல்சார் எனப்படும் துடிப்பு விண்மீன்கள் வானத்திலுள்ள கடிகாரங்கள். சூரியனைவிட மிகுந்த எடையை ஒரு நகரத்தின் அளவிற்குள் அடக்கிக்கொண்டு, அவற்றுட் சில நொடிக்குப் பல நூறு முறை சுழல்கின்றன. சுழலுந்தோறும் கலங்கரை விளக்கின் ஒளிபோல ஒரு துடிப்பு நம்மை வந்தடையும். அது எந்நேரத்தில் வரவேண்டும் என்பதற்குக் கால அட்டவணை போட்டுவிடலாம்.

ஒரு வண்டி தாமதமானால் அதன் எஞ்சினில் கோளாறு என்போம். பல திசைகளிலிருந்து வரும் வண்டிகள் ஓர் ஒழுங்கோடு முந்தியும் பிந்தியும் வந்தால், கோளாறு வண்டியில் இல்லை, பொதுவானதொன்றில் இருக்கிறது என்று முடிவு செய்வோம். வானத்திலும் அதுவே கணக்கு. மிகப் பெரிய கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றும்போது ஈர்ப்பலைகள் எழுந்து, வெளியையே சிறிது நீட்டிச் சுருக்கும். அதனால் துடிப்புகள் நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிற்கும் குறைவான அளவில் முந்தும், பிந்தும். ஐரோப்பியக் குழுவினரும் இந்தியக் குழுவினரும் சேர்ந்து 25 பல்சார்களின் ஏறத்தாழ 25 ஆண்டுக் கணக்கைப் பார்த்து, அத்தகைய ஒழுங்கிற்குச் சான்று இருப்பதாக அறிவித்தனர். அமெரிக்க, ஆஸ்திரேலிய, சீனக் குழுக்களும் அதே நாளில் தத்தம் முடிவுகளை வெளியிட்டன. முடிந்த முடிபென்று ஒருவரும் சொல்லவில்லை. சான்று கிடைத்துள்ளது என்றே அடக்கமாய்ச் சொன்னார்கள்.

இதில் நம் கோடத்தின் பங்கு யாது? விண்வெளியில் மின்னணுத் துகள்கள் தூவிக் கிடக்கின்றன. அவற்றின் ஊடே வரும் அலைகளுள் அதிர்வெண் மிக்கது முந்தியும் குறைந்தது பிந்தியும் வரும். ஒரே நிலையத்திலிருந்து ஒரே நேரத்தில் புறப்பட்ட விரைவுவண்டியும் பயணிவண்டியும் வந்துசேரும் நேர வேற்றுமை போன்றது இது. இந்தப் பாதைத் தாமதத்தைக் கழித்தாலன்றி மெய்யான தாமதம் தெரியாது. குறைந்த அதிர்வெண்ணில் இவ்வேற்றுமை பெரிதாய்த் தெரியும்; அவ்வலைகளை நுட்பமாய் ஏற்பதில் ஜி.எம்.ஆர்.டி. தேர்ந்தது. இந்தியக் குழுவின் தொடக்கப் பணியில் உதகைத் தொலைநோக்கியும் பங்கு கொண்டது என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது.

இவ்வெற்றிகள் பழைய கருவியால் மட்டும் வந்தவையல்ல. ஒரு நேரத்தில் 32 மெகாஹெர்ட்ஸ் அகல அலைப்பட்டையையே ஏற்றுக்கொண்டிருந்த ஜி.எம்.ஆர்.டி.யை, 400 மெகாஹெர்ட்ஸ் வரை ஏற்குமாறு பல ஆண்டு உழைத்து 2019 அளவில் புதுப்பித்தார்கள். கிண்ணங்கள் அவையே, உள்ளிருக்கும் ஏற்பிகளும் கணக்கிடும் பொறிகளும் புதியவை. சாளரத் துளை வழியே பார்த்தவர் வாயிற்கதவைத் திறந்து பார்ப்பதுபோல் ஆயிற்று. 2023 முடிந்து அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மற்றொரு செய்தியும் வந்தது. பல நாடுகள் கூடி ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் எழுப்பிவரும் எஸ்.கே.ஏ. என்னும் பெருந்தொலைநோக்கித் திட்டத்தில் இந்தியா சேர்வதற்கு ரூபாய் 1,250 கோடிக்கு அரசு ஒப்புதல் அளித்தது. அதனை இயக்கும் மென்பொருட் பணியில் நம் புனே மையத்தாருக்குச் சிறந்த பங்கு உண்டு.

அன்பர்களே, இத்துணைப் பெருமைக்கும் அடிப்படையானது ஒன்றுண்டு. அது அமைதி. காதுக்குரிய அமைதியன்று; ரேடியோ அலைகளின் அமைதி. வானத்து அலைகள் மிக மிக மெலிந்தவை. கைப்பேசிக் கோபுரமும் மின்பொறியும் எழுப்பும் இரைச்சலில் அவை மூழ்கிவிடும். இதனால் நம் துறைக்கே ஒரு சோதனை வந்தது. புனேயிலிருந்து நாராயண்காவ், சங்கம்நேர் வழியாக நாசிக்கிற்கு ஏறத்தாழ 235 கிலோமீட்டர் விரைவு இருப்புப்பாதை அமைக்கத் திட்டமிட்டார்கள். மேலே ஓடும் மின்கம்பியில் வண்டியின் மேற்கரம் உரசும் இடத்தில் நீலப்பொறி பறப்பதை ரயில்வேக் காலனியில் வாழும் சிறுவரும் கண்டிருப்பர். அப்பொறி ஒவ்வொன்றும் ஒரு ரேடியோ இரைச்சல். பாதை தொலைநோக்கிக்கருகே செல்வதை வானநூலார் மறுத்தனர். ரயில்வே அமைச்சகம் அவ்வழியைக் கைவிட்டு, அகில்யாநகர், சீரடி வழியாக நாசிக் செல்லும் மாற்று வழியை 2025 இல் முன்வைத்தது.

ரயில்வே ஊழியரான நாம் இதனை எவ்வாறு கொள்வது? புதிய பாதை என்றால் புதிய நிலையங்கள், புதிய பணியிடங்கள். நம் உள்ளம் இயல்பாக அப்பக்கமே சாயும். ஜுன்னர் வட்டத்து உழவர்க்கோ அது தக்காளியும் வெங்காயமும் சந்தைக்கு விரைந்து செல்லும் வழி. நோயாளியும் மாணவனும் நகரை அடையும் வழி. அவர்கள் பழைய வழியையே கேட்டுப் போராடுகின்றனர். அவர்தம் இழப்பு மெய்யான இழப்பு. அறிவியல் அறியாதார் என்று அவர்களை எள்ளுதல் பெருந்தவறு. ஆயினும், இருப்புப்பாதையை வளைத்துப் போட இயலும். நம் முன்னோர் போர் காட் மலையையே வளைந்து ஏறினர். 25 கிலோமீட்டர் பரந்த 30 ஆண்டெனாக்களைப் பெயர்த்து வைத்தல் எளிதன்று. பெயர்த்தாலும் அத்தகைய அமைதியான இடம் எங்கே கிடைக்கும்? ஆதலின் வழியை மாற்றியதே முறை என்பது நம் கருத்து. அத்துடன், உலகத்தின் பொருட்டு அமைதி காத்துவரும் அவ்வட்டார மக்களுக்கு வேறு வகையிலேனும் நல்ல போக்குவரத்து அமைத்துத் தருவது நாடு பட்ட கடன் என்பதும் நம் கருத்தே.

நாம் செய்யக்கூடியது யாது? ஆண்டுதோறும் பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளையொட்டிக் கோடத்தில் மக்கள் காண வாயில் திறக்கிறார்கள். வருகின்ற ஆண்டு சங்கத்தின் சார்பில் வண்டியமர்த்திப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுமாறு செயற்குழுவினரை வேண்டுகிறோம். அங்கே கைப்பேசியை அணைக்கச் சொன்னால் முகம் சுளியாது அணைப்போமாக. மேலும், அக்கருவிக்கு முனைவர் பட்டம் பெற்றோர் மட்டும் போதார். மோட்டார் பழுது பார்ப்பவரும், வலை கட்டுபவரும், மின்னணுக் கருவி செய்பவரும், மென்பொருள் எழுதுபவரும் வேண்டும். ஆகவே, எளிய பள்ளியில் பயிலும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அங்கு இடமுண்டு.

1912 இல் நேகம்வாலாவின் கூடம் பூட்டப்பட்டபோது அவருக்குப் பின் நிற்க ஒருவரும் இல்லை. அந்நிலை இந்நகருக்கு மீண்டும் வாராதிருக்க, நம் காலனியிலிருந்து ஒரு சிறுவனோ சிறுமியோ சென்று சேர்ந்தாலும் இச்சங்கம் பெருமை கொள்ளும்.