திங்கட்கிழமை லீவு ஏன்?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், நூற்பாலையில் வேலை பார்த்த உறுப்பினர் ஒருவர் பேசியது)



நம்ம குழுக்களில் பல வீட்டுப் பெண்கள் மில் வண்டி ஏறிப் போகிறவர்கள். தவணை ஏன் கட்டவில்லை என்று கேட்டால், "உடம்பு சரியில்லக்கா, லீவு போட்டேன், சம்பளம் போச்சு" என்கிறார்கள். ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய கூலி மட்டுமா போகுது? வருகைக்காகத் தரும் ஊக்கத்தொகையும் சேர்ந்து போய்விடும்.

மேஸ்திரி என்ன சொல்வார்? "ஞாயிறு ஊர் சுத்திட்டு, திங்கட்கிழமை காய்ச்சல்னு படுத்துக்குவாங்க." நான் வேலை பார்த்த மில்லிலும் இதே பேச்சுதான். சிலர் அப்படி இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் என்ற நெஞ்சு நோய்க்கே திங்கட்கிழமைதான் அடையாளம். ஒருநாள் ஓய்வுக்குப் பிறகு மறுபடி தூசிக்குள் போகும்போது நெஞ்சு இறுகும், இருமல் வரும். வாரம் போகப் போகக் குறையும். நாள்பட்டால் எல்லா நாளும் இருக்கும். பஞ்சு பிரிக்கும் ப்ளோ ரூம், கார்டிங் பக்கம் தூசி அதிகம். இதைத் தொழில்சார்ந்த நோய் என்று ஈ.எஸ்.ஐ. சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. சும்மா சளி என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். அந்த உடம்போடு எட்டு மணி நேரம் நின்றால் தலை சுற்றாதா? கக்கூஸ் போக அனுமதி கேட்கணுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருந்து, நீர்க்கடுப்போடு படுப்பவர்களும் உண்டு. மாதவிலக்கு வலிக்கு லீவு கேட்க வெட்கப்பட்டு, யாரோ தரும் பெயர் தெரியாத மாத்திரையை விழுங்குகிறோம். தமிழ்நாட்டு ஆலைகளில் இப்படிப் பெயர் இல்லாத மாத்திரை கொடுத்தது 2019-ல் செய்தியாகவே வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் தாய்தான் "எனக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லி நிற்கிறாள். அதுவும் அவள் கணக்கில்தான் ஏறுது.

இப்போது பணத்துக்கு வருகிறேன். உங்க சம்பளத்தில் நூற்றுக்கு 75 பைசா ஈ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கிறார்கள். முதலாளி 3 ரூபாய் 25 பைசா கட்டணும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாளாவது பணம் கட்டியிருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை நோய்க்காலப் பணம் கேட்கலாம். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது ஜூலைக்கு மேல் உதவும். சராசரிக் கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை.

மாதம் 10,000 ரூபாய், 26 நாள் வேலை என்று வைப்போம். நாளுக்கு 385 ரூபாய். அதில் 70 சதவீதம் ஏறத்தாழ 270. பத்து நாள் டைபாய்டு என்றால் முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகக் கிடைக்காது. மீதி எட்டு நாளுக்கு 2,150 ரூபாய் வரும். இதை வாங்காமல் குழுவில் உள்கடன் வாங்கி வட்டி கட்டுகிறோமே!

வாங்க வேண்டுமானால் படுத்த அன்றே ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய் டாக்டரிடம் சான்று வாங்கணும். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு வீட்டிலேயே கிடந்தால் சான்று கிடையாது, பணமும் கிடையாது.

மில்லுக்குப் போகிறவர்கள் அடுத்த கூட்டத்துக்குச் சம்பளச் சீட்டையும் ஈ.எஸ்.ஐ. அட்டையையும் கொண்டு வாங்க. சம்பளத்தில் பிடித்தது உங்க எண்ணில் ஏறியிருக்கா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.